முதலில் ஒரு நல்ல வார்த்தை

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, மேடம். போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி ஆடும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

நீங்கள் கொடுத்த தாளில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். குழுவை மூடிவிடாதீர்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். போன ஞாயிறு வரை ஒருவர் மனம் நோகும்படி ஒரு வரி அதில் வந்ததில்லை. இணையத்தில் இப்படி இன்னோர் இடம் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

குழுவின் பெயர் ‘நூறு சொல்’. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நான் ஒரு தலைப்பு கொடுப்பேன். சாவி, இரண்டாவது மாடி, ஈரம், இப்படி ஏதாவது. மாலை ஆறு மணிக்குள் நூறு சொல்லுக்கு மிகாமல் ஒரு கதை எழுதிப் போட வேண்டும். மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். கருத்துச் சொல்வதற்கு ஒரு விதி உண்டு. முதலில் ஒரு நல்ல வார்த்தை. அதன் பிறகுதான் குறை. இன்னொரு விதி, ‘இது உண்மையா’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் எழுதியவர் கூசிப்போவார். அடுத்த வாரம் எழுத மாட்டார்.

விதி எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். மிக்ஸி, கிரைண்டர், சலவை இயந்திரம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிவீர்களே, அந்தப் புத்தகம்.

என் மனைவியை அந்தக் கையேடுதான் கொண்டுவந்து சேர்த்தது. அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். என் முதல் கையேட்டில் பதினான்கு ‘தயவுசெய்து’ இருந்தது. பதினான்கையும் பென்சிலால் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“மூடியைத் திறக்காதேன்னா திறக்க மாட்டாங்க சார். மிக்ஸிக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?”

எட்டு மாதத்தில் கல்யாணம்.

நான் கல்லூரி நாளிலிருந்தே சின்னக் கதைகள் எழுதுபவன். கல்யாணத்துக்குப் பிறகு எழுதியதை எல்லாம் அவளிடம் கொடுத்தேன். அவள் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் அடித்துக்கொண்டே போவாள்.

“ஏங்க, இந்த முதல் பாரா எதுக்கு? கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கதவைப் பத்தி ஒரு கட்டுரையா?”

“சூழ்நிலைக்காக.”

“சூழ்நிலைக்கு ஃபேனைப் போடுங்க. பாராவை எடுங்க.”

அவள் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், நான் நியாயமானவன். ஆயிரம் சொல் எழுதிக் கொடுத்தால் நூறு மிஞ்சும். அந்த நூறு நன்றாக இருக்கும். ஆனால் ‘நல்லா இருக்கு’ என்று அவள் சொன்னதில்லை. நாலு வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. நான் எண்ணிக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. சும்மா நினைவிருக்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இறந்தாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அது உங்கள் கோப்பில் இருக்கும். நான் கடைக்குப் போயிருந்ததாகவும், திரும்பி வந்து பார்த்த உடனே போன் செய்ததாகவும், அவளுடைய இன்ஹேலர் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாகவும் இருக்கும். அதற்கு வருகிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நாலாவது வாரம் குழுவைத் தொடங்கினேன். எழுதுகிறவர்கள் காயப்படாத ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. நல்ல எண்ணம்தானே?

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. கடைவாய்ப் பல்லைப் பற்றி ஒரு கதை போட்டார். நான் நாலு வரி பாராட்டி எழுதினேன். மறுநாள் போன்.

“தம்பி, எங்க வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் பாட்டுக்கு எழுதிட்டே இருந்தா கிளினிக்கை யாரு பாக்கறது?”

“பல் புடுங்கும்போது கதையை யோசிங்க டாக்டர்.”

“யோசிச்சா வேற பல்லு வந்துடும் தம்பி.”

அடுத்து லிஃப்ட் மெக்கானிக் ஒருவன். எல்லோரும் அவனை லிஃப்ட் என்றே கூப்பிட்டோம். வேலை நேரத்தில் எழுதுவான். “அண்ணே, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கறேன். இங்க சூப்பர்வைசர் வரணும்னா பறந்துதான் வரணும். கதை எழுத இதைவிட நல்ல இடம் உண்டா?” என்று செய்தி அனுப்புவான். அவன் கதைகளில் ஆட்கள் மேலே போய்க்கொண்டே இருப்பார்கள், இறங்கவே மாட்டார்கள். நாங்கள் அதையும் பாராட்டினோம். ஆறு மாதத்தில் அவன் ஆட்கள் இறங்கக் கற்றுக்கொண்டார்கள். பாராட்டினால் மனிதன் முன்னேறுவான், மேடம். இது என் கண்முன்னால் நடந்தது.

இவர்களை வைத்துத்தான் சொல்கிறேன், குழுவை மூட வேண்டாம்.

நான் மட்டும் எழுதாமலே இருந்தேன். ஏழாவது மாதம் டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். “பந்தி பரிமாறிட்டே இருக்கீங்களே, நீங்க எப்ப தம்பி உக்காரப் போறீங்க?” அந்த வாரத் தலைப்பு ‘ஈரம்’. நான் எழுதிப் போட்டேன். ஒரு கணவன், ஒரு மனைவி. அவளுக்கு மூச்சு முட்டுகிறது. மருந்து அவன் கையில் இருக்கிறது. கொடுக்கவில்லை. அவள் இறந்ததும் ஆம்புலன்ஸுக்கு போன் செய்கிறான். எழுபத்தொன்பது சொல்.

இருநூறு இதயம் வந்தது. கல்லூரி நாளிலிருந்து எழுதுகிறேன், அன்றுதான் எனக்குப் பசித்தது.

லிஃப்ட் எழுதினான்: “அண்ணே, கையைக் குடுங்க. செம. ஒரே ஒரு இடம் இடிக்குது. அவ போனதும் அவன் உடனே போன் பண்றான் பாருங்க. அந்த மாதிரி ஆளு பண்ண மாட்டான்ணே. முதல்ல வேற ஏதாவது வேலை பாப்பான். சாதாரண வேலை.”

அவன் சொன்னது சரி. நல்ல வார்த்தையை முதலில் சொல்லிவிட்டதால் எனக்கு வலிக்கவே இல்லை. அடுத்த வாரம் திருத்திப் போட்டேன். போன் செய்வதற்கு முன்னால் அவன் சலவை இயந்திரத்திலிருந்து துணியை எடுத்துக் காயப்போடுகிறான். எப்படியும் நடந்தது அதுதான்.

முந்நூறு இதயம். டாக்டரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். “எப்படிக் காயப்போட்டான்னு ஒரு சின்ன விவரம் குடுத்தீங்கன்னா கண்ணு முன்னாடி நிக்கும் தம்பி” என்று எழுதினார். கொடுத்தேன். ‘அவளுடைய நீல ஜாக்கெட்டைத் தோள் இரண்டிலும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். காற்றில் அது யாரையோ கூப்பிடுவது போல் ஆடியது.’ போன ஞாயிறு அதைப் போட்டபோது சரியாக நூறு சொல் வந்தது.

ஆக, நான் எதையும் ஒளித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நானூறு பேருக்கு முன்னால் மூன்று முறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இதயம் போட்டார்கள்.

குழுவில் ‘அரைப்புள்ளி’ என்று ஒருவர் இருந்தார். நாலு மாதத்துக்கு முன் சேர்ந்தவர். எழுத மாட்டார், படிப்பார். கூச்சப்படுகிறவர் என்று நினைத்து நானே இரண்டு முறை ஊக்கப்படுத்தினேன். அந்த நூறு சொல்லுக்குக் கீழே அவர் ஒரே ஒரு சொல் எழுதினார்.

“உண்மையா?”

டாக்டரம்மா உடனே வந்துவிட்டார். “கண்ணு, இங்க அப்படிக் கேக்கக் கூடாது. விதியைப் படிக்கலையா? முதல்ல ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

“சரி டாக்டர். கிளிப் விவரம் நல்லா இருக்கு. அன்னைக்கு அந்த ஜாக்கெட்டை எடுத்து மடிச்சது நான்தான் மாமா.”

அரைப்புள்ளி என் மச்சினி. மனைவிக்கு ஒரே தங்கை. உண்மையா என்று கேட்டதால் அவளைக் குழுவிலிருந்து நீக்கினேன். நீக்கப்படுகிறவர்களுக்கு வழக்கமாக அனுப்பும் செய்தியையும் அனுப்பினேன். ‘உங்கள் எழுத்துப் பயணம் சிறக்க வாழ்த்துகள்.’ உறவுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று வைத்தால் குழு நடக்காது.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன் மாமா என்னைத் தூக்குனீங்க?”

“விதி.”

“அக்கா தோள்ல கிளிப் போடவே மாட்டா. தோள் பொடைச்சுக்கும்னு என்னை எத்தனை திட்டு திட்டியிருக்கா தெரியுமா? அன்னைக்குக் கொடியிலேர்ந்து எடுக்கும்போதே நெனச்சேன், இதை அக்கா போடலன்னு. துணி பாதி காஞ்சிருந்துச்சு. வந்ததும் போன் பண்ணேன்னு சொன்ன மனுஷன் எப்ப மாமா துணி காயப்போட்டாரு?”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே.”

“துக்கத்துல ஏதோ மாத்திப் பேசறீங்கன்னு விட்டுட்டேன். உங்க மேல பரிதாபப்பட்டு உங்க குழுவுல வேற சேர்ந்தேன். தனியா கெடக்கறாரே, ஒரு இதயமாவது போடுவோம்னு.” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அக்கா கடைசியா என்ன சொன்னா? அதைச் சொல்லுங்க. அப்புறம் நான் எங்க போகணுமோ அங்க போறேன்.”

நான் சொல்லவில்லை. எழுதினால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன், பேச்சில் வராது. அவள் இங்கே வந்தாள். இப்போதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். இதில் அவளுக்கும் பதில் இருக்கிறது. படித்துக் காட்டுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். என் மனைவி புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி ஆகாது, ஆனாலும் வேறு யார் துடைத்தாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. நான் ஒரு கதையைப் படித்துக் காட்டினேன். ஆறு மாதம் எழுதியது. நானே வெட்டி வெட்டி நூறு சொல்லுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவள் வெட்ட ஒன்றும் இருக்கக் கூடாது என்று.

முழுவதும் கேட்டாள். துணியை உதறினாள்.

“ஏங்க, இதுல தலைப்பு ஒண்ணுதான் உருப்படி. அதுவும் நான் வச்சது.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. அவளுக்கு என்னைப் பிடிக்கும். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் இழுப்பாக மாறியது. தரையில் உட்கார்ந்து மேசையைக் காட்டினாள். இன்ஹேலர் என் தாள்களுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன்.

“ஒரு நல்ல வார்த்தை சொல்லு, தர்றேன்” என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். டிவி ரிமோட்டை ஒளித்து வைத்துக்கொண்டு அவளும் என்னிடம் இப்படிச் செய்வாள். அவள் கையை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். “முதல்ல ஒரு நல்ல வார்த்தை” என்றேன். குழுவின் விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான்.

பின்கட்டில் சலவை இயந்திரம் கடைசிச் சுழற்சியைத் தொடங்கியிருந்தது. அந்த மாடலின் கையேடு நான் எழுதியது. கடைசிச் சுழற்சி பதினொரு நிமிடம். முடிந்ததும் மூன்று முறை மணி அடிக்கும். மணி அடித்தபோதும் இன்ஹேலர் என் கையில்தான் இருந்தது.

ஈரத்துணியை உள்ளேயே விட்டால் வாடை வரும். அதுவும் கையேட்டில் இருக்கிறது. காயப்போட்டேன். இன்ஹேலரைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டேன். பிறகு போன் செய்தேன். கடைக்குப் போயிருந்ததாகச் சொன்னேன். இவ்வளவுதான், மேடம். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் இருந்திருப்பாள்.

ஆனால் மச்சினி கேட்டது வேறு. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, இரண்டு முறை. நான் அதைப் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். அக்கா கடைசியாகச் சொன்னது ‘நல்லா இருக்கு’. எண்ணிப் பாருங்கள், சரியாக இரண்டு சொல்.