மாலைத் தட்டை யார் தூக்குவது

பிள்ளைகளே, போன வாரம் விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். முன் சீட்டில் ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய சித்தப்பாவும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"மாலைய உங்கம்மாவே கட்டட்டும்மா, நல்லா கட்டுவாங்க. ஆனா மேடைக்குத் தட்ட எடுத்துக்கினு வர வேணாம். உங்கப்பா இல்ல பாரு, நல்லா இருக்காது."

"ஏன் சித்தப்பா, கட்றப்போ ஒட்டாத தோஷம் தூக்கிக்கினு வர்றப்போ மட்டும் ஒட்டிக்குமா?"

"நானா சொல்றேன்? ஊரு சொல்லும்."

"ஊரா வந்து தெனம் குனிஞ்சு மல்லி பறிச்சுது? அந்தப் பூவ வித்துத்தான என்னைப் படிக்க வெச்சாங்க?"

"கத்தாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மாலை மாத்தறது ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்னு சொல்றதுக்கு. எங்கம்மா கையால குடுத்தா மாத்திக்கறேன். இல்லன்னா நீங்களே போட்டுக்கினு மணையில உக்காருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பெரிய அக்கா கல்யாணத்தில் பெண்களுக்கெல்லாம் பூத்தட்டை நீட்டியவன் நான். மாமா இறந்துபோன உங்கள் அத்தையை மட்டும் தாண்டிப் போனதும் நான்தான். அவள் என் கூடப்பிறந்தவள்.

திண்டிவனத்தில் இறங்கி இரண்டு முழம் மல்லி வாங்கினேன். அத்தை வீடு பூட்டியிருந்தது. பூவை வாழையிலையோடு அந்தப் பூட்டில் கட்டிவிட்டு வந்தேன்.