எந்தப் பக்கமும் சாயாத எங்கள் கண்காணிப்பாளர் அம்மையாருக்கு

போர்க்களப் பூங்காவைப் பொன்போல் போற்றிய பெருமாட்டியே! கல்லுக்கும் புல்லுக்கும் காவலாய் நின்ற கண்காணிப்பாளரே! விதி வகுத்து, விதி விளக்கி, விளக்கியதில் எங்களை மேலும் குழப்பி, முப்பத்தொரு ஆண்டுகள் இந்தக் களத்தைக் கட்டிக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அம்மையாரே! வணக்கம்.

இந்த மடலைக் களத்தின் நடுவே மேடை போட்டு, மைக் வைத்து வாசிக்கத்தான் ஆசைப்பட்டோம். அனுமதி கேட்டுத் தங்களிடமே வந்தோம். "களத்துல மைக் கிடையாது, நாற்காலி கிடையாது, பாராட்டும் கிடையாது. அங்க நின்னு ஒருத்தரைப் புகழ்ந்தா, செத்துக் கிடக்கிறவங்க எல்லாம் சும்மாவான்னு கேப்பாங்க" என்றீர்கள். யார் கேட்பார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை புரியவில்லை. ஆகையால் வாகன நிறுத்துமிடத்தில், டிராக்டருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில், தொண்டையை மட்டும் நம்பி வாசிக்கிறோம். இங்கே கைதட்டலாமா என்று கேட்க மறந்துவிட்டோம். தட்டுகிறவர்கள் மெதுவாகத் தட்டவும்.

விதிகளின் விளைநிலமே! தாங்கள் வருவதற்கு முன் வாசலில் இருந்தது 'அசுத்தம் செய்யாதீர்' என்ற ஒரே பலகை. இன்று வாசல் எங்கே என்று தேடும் அளவுக்குப் பலகைகள். தங்கள் முதுகுக்குப் பின்னால் தங்களைப் 'போர்டு மேடம்' என்று அழைத்து வந்தோம். முகத்துக்கு நேரே சொல்ல இதைவிட நல்ல நாள் வாய்க்காது. நாய் வரலாம், கயிறு வேண்டும்; ஆனால் பதுங்குகுழிக்குள் கயிற்றோடும் வரக்கூடாது. சைக்கிளைத் தள்ளலாம், ஏறக்கூடாது. பட்டம் விடவே கூடாது. காரணம் கேட்ட ஒரு தகப்பனிடம், "பட்டத்தைப் பாத்து ஓடுற புள்ள பள்ளத்தைப் பாக்காது" என்றீர்கள். மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியோடு ஒருவர் வந்து, "தொலைஞ்சுபோன மோதிரத்தைத் தேடுறேன் மேடம்" என்று குழைந்தபோது, "எந்தப் படையில இருந்தப்ப தொலைச்சீங்க?" என்று கேட்டு அவரை வந்த வழியே அனுப்பினீர்கள். மணக்கோலத்தில் படமெடுக்க வந்தவர்களை விரட்டுவீர்கள் என்று நாங்கள் பந்தயம் கட்டியிருக்க, "பீரங்கிமேல ஏறாம எடுத்துக்கோங்க, நல்லாயிருங்க" என்று வாழ்த்தி அனுப்பி, எங்கள் கணக்கில் மண்ணைப் போட்டீர்கள். தாங்கள் கண்டிப்பானவரா, கனிவானவரா? வாயில் காக்கும் அண்ணன் முன்னது என்கிறார், புல்வெட்டும் தம்பி பின்னது என்கிறார், நுழைவுச்சீட்டு கொடுக்கும் தங்கை நேரத்துக்கு ஒன்று என்கிறாள். தங்கள் கணவரும் இங்கே வந்திருக்கிறார். வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டோம். "வீட்டுல பலகை இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

நடுநிலையின் நாயகியே! அந்தப் போர்விழாவை மறக்க முடியுமா? இந்த மண்ணில் மோதிய இரு படைகளின் வழிவந்தோரும் ஆண்டுதோறும் இங்கே வருகிறவர்கள்தாம். ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து போரை நடித்துக் காட்ட அனுமதி கேட்டார்கள். "நடிங்க. ஆனா யாரும் விழுந்து சாகக்கூடாது. யாரும் ஜெயிக்கவும் கூடாது" என்று உத்தரவு போட்டீர்கள். மரத் துப்பாக்கியும் அட்டைத் தொப்பியுமாக இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்து நின்றன. நின்றதுதான், அடுத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு தளபதி துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்ப என்னதான் மேடம் பண்றது?" என்றார். "மரத்தடி காலியாத்தான் இருக்கு. சாப்பிடுங்க" என்றீர்கள். இரு படையும் திரும்பி நடந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரிடம் ஒருவர் உப்புக் கேட்டு வாங்கித் தின்றன. அன்று ஒரு பெரியவர் கைகழுவியபடியே, "நீங்க எந்தப் பக்கத்து ஆளும்மா?" என்று கேட்டார். "டிக்கெட் கவுண்டர் பக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள்.

பெரியவர் சிரித்தார். எங்களுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. களத்தில் இரண்டு நினைவுக் கற்கள். கிழக்குக் கல் ஒரு படைக்கு, மேற்குக் கல் மறு படைக்கு. தாங்கள் கிழக்குப் பக்கம்தான் என்று வாயில் காக்கும் அண்ணன் சத்தியம் செய்கிறார். மேற்கே போகும்போது அம்மாவின் நடை மெதுவாகிறது என்கிறார் டிராக்டர் ஓட்டுநர். கற்களில் உள்ள பெயர்களைப் படித்துப் பார்த்தோம். எல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிற பெயர்கள். ஒன்றும் விளங்கவில்லை.

போன வருடம் துப்புரவு அக்கா தங்களிடம் நேராகவே கேட்டுவிட்டார். "என் வீட்டு ஆள் ஒருத்தர் பேரும் இங்க இருக்கு" என்றீர்களாம். "எந்தக் கல்லும்மா?" என்றதற்கு, "இந்த வேலையில இருக்கிற வரைக்கும் எனக்கு ரெண்டும் கல்லுதான்" என்றீர்களாம். அக்கா அதைச் சொல்லி அழுதார். ஏனென்றால், பூங்கா ஊழியர் எவரும் எந்தக் கல்லிலும் பூ வைக்கக்கூடாது என்ற விதியும் தாங்கள் எழுதியதே. "நான் ஒரு கல்லுல பூ வெச்சா, நான் சொன்ன ஒவ்வொரு 'கூடாது'க்கும் மத்தவங்க வேற அர்த்தம் சொல்வாங்க" என்று அதை எழுதியபோதே விளக்கினீர்கள். ஊராரின் பூவையெல்லாம் ஒழுங்காக வைக்க வழிகாட்டிய கை, தன் வீட்டு ஆளுக்கு ஒரு பூ வைக்காமல் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்திருக்கிறது. அம்மா, இது எங்களுக்குத் தாங்கவில்லை.

இதனால்தான் பரிசு வாங்குவதில் பெருங்குழப்பம். மாலை போடலாம் என்றார் அண்ணன். இரண்டு பூங்கொத்து வாங்கினால் இரண்டு கல்லிலும் வைத்துவிடுவார், பிரச்சினை தீர்ந்தது என்றான் தம்பி. "இத்தனை வருஷம் எல்லாருக்கும் பொதுவா இருந்தாச்சு. இன்னைக்காவது அவங்க ஆளுக்கு மட்டும் வெக்கட்டும்" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஒரே பூங்கொத்து வாங்கினோம். அடையாள அட்டையை மதியமே ஒப்படைத்துவிட்டீர்கள். இனி அந்த விதி தங்களைக் கட்டாது. ஆனாலும் தாங்கள் தயங்குவீர்கள். இன்று எந்தப் பக்கம் நடந்தாலும், "அப்பவே நினைச்சேன், அவங்க ஆளுதான்" என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள் என்று யோசிப்பீர்கள். தங்களை எங்களுக்குத் தெரியாதா?

எங்கள் அன்புக்குரிய அம்மையாரே! மூட்டுவலி இன்றி, முகச்சுளிப்பு இன்றி, பேரப்பிள்ளைகளுக்கும் பலகை மாட்டி, பல்லாண்டு நலமாய் வாழ்க! எப்போது வந்தாலும் சீட்டு எடுத்தே வாருங்கள். இலவசமாய் விட்டால் தாங்களே எங்களைத் திட்டுவீர்கள்.

வாயில் பூட்டியாகிவிட்டது. உள்ளே பார்வையாளர் எவரும் இல்லை. இந்த மடலை வாசித்து முடித்ததும் நாங்கள் அனைவரும், தங்கள் கணவர் உட்பட, களத்துக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்துத் திரும்பி நிற்போம். தாங்கள் வெறுங்கையோடு வந்து எங்கள் தோளைத் தொடும்வரை ஒருவரும் திரும்ப மாட்டோம். "நாளைக்கு ரெண்டு கல்லையும் கண்ணை மூடிக்கிட்டே பெருக்கிடுறேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார். கிழக்கா மேற்கா என்று எங்களுக்குத் தெரியவே வேண்டாம். பூங்கொத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. போய் வாருங்கள்.

இங்ஙனம்,
சாலையைப் பார்த்து நிற்கும்
தங்கள் பூங்காப் பணியாளர்கள்