ஏரிக்கரை வேட்டு

அத ஏன் கேக்கற பாக்கியம், லால்பேட்ட பஸ்ஸுல முன்சீட்டுல மாமனும் மச்சானும் ஒரே சண்ட! மாமன் கல்யாணப் பொண்ணுக்கு அப்பன். மாசாமாசம் ஏரிக்குப் போயி பறவைய எண்ணி எழுதுற ஆளு.

“மச்சான், தையில கல்யாணத்துக்கு வேட்டு வேணாம். கரை மரத்துல நாரைங்க முட்ட மேல குந்தியிருக்கு. போன வருஷம் திருவிழா வேட்டுக்கு முட்டைய வுட்டுட்டுப் பறந்துடுச்சிங்க.”

“என் அக்கா மவளுக்கு வேட்டு இல்லாம கல்யாணமா மாமா? ஊரே சிரிக்கும்!”

எறங்குற எடமே எனக்கு மறந்துடுச்சி போ.

மூஞ்சத் திருப்பிக்கினு இருந்த மச்சான், “குஞ்சு எப்பப் பறக்கும்?”ன்னான்.

“மாசி பொறந்தா பறந்துடும்.”

ஒடனே மச்சானே மாப்ள வூட்டுக்கு செல்லு போட்டான். “சம்பந்தி, கல்யாணத்த மாசி கடைசியில வேட்டோட வெச்சுக்கலாம். இங்க ஏரிக்கரையில பிரசவம்!”

அந்தாண்ட சிரிச்சிக்கினே சரின்னது எனக்கே கேட்டுச்சி. இரு, குழாயில தண்ணி வந்துடுச்சி, கொடத்த வெச்சிட்டு வரேன்.