உப்புத்தண்ணி யாருக்கு

அய்யய்யோ, கட்டில் வாங்க வக்கில்லாம மெத்தையத் தரையில போடல சிஸ்டர். கட்டில் இருந்துச்சு. அண்ணன் கை காலு அவர் பேச்சைக் கேக்கறதில்ல, உருண்டு விழுந்துடறார். மேசை முனைக்கெல்லாம் பஞ்சு வெச்சுக் கட்டியிருக்கேன் பாத்தீங்கல்ல? இப்ப உள்ள போகாதீங்க. அண்ணி அவருக்குச் சட்டை மாத்திட்டு இருக்காங்க, அவரு கையை உதற உதற மாத்தணும், நேரமாகும். இப்படி அடுப்பங்கரையிலயே உக்காருங்க. முன்னாடி வந்த நர்சம்மா வேலையெல்லாம் நல்லாத்தான் பாத்தாங்க. வாய்தான் கொஞ்சம் அவசரம். அதான் நிறுத்தவேண்டியதாப் போச்சு. உங்ககிட்ட முதல்லயே பேசிடலாம்னு பாக்கறேன்.

எதைப் பத்தியா? ஆர்என்ஏ பத்தி. சிரிக்காதீங்க. படிச்சிருப்பீங்க, தெரியும். பரீட்சைக்குப் படிச்சது பரீட்சையோடவே போயிருக்கும். நான் அச்சகத்துல பிழை திருத்தறவன், எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க. என்னை ஒருத்தர் திருத்தி ரொம்ப நாளாச்சு.

உடம்புல மூலப்பிரதின்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்திரமாப் பூட்டி வெச்சிருக்கு. வேணுங்கறப்ப வேணுங்கற பக்கத்தை மட்டும் நகலெடுத்து வெளிய அனுப்பும். நகலைப் பாத்துத்தான் சரக்கு தயாராகும். சரி, போதும், நிறுத்துன்னு யார் சொல்றது? அதுக்குத்தான் இந்தக் குட்டி ஆர்என்ஏ. இத்தனூண்டு துண்டு. தானா எதையும் உண்டாக்காது. நகல் மேல போய் ஒட்டிக்கும், நகல் கிழிஞ்சிடும், இல்லேன்னா படிக்க முடியாமப் போயிடும். அடுத்தவன் வேலையை நிறுத்தறதுதான் அதுக்கு வேலை. எங்க முதலாளி மாதிரி. என்ன, முதலாளி வராட்டியும் அச்சகம் ஓடும். இது கூடினாலும் வம்பு, குறைஞ்சாலும் வம்பு. சில கேன்சர்ல, நிறுத்தவேண்டிய துண்டு காணாமப் போயிருக்குமாம்.

எங்க குடும்பத்துக் கதை வேற. அப்பா வழியில வர்றது. மூலப்பிரதியிலயே பிழை. தூங்கி வழிஞ்சுகிட்டே அச்சுக் கோத்தவன் மாதிரி ஒரே சொல் திரும்பத் திரும்பத் திரும்ப. அதுலேர்ந்து வர்ற சரக்கு மூளையில தேங்கிடுது. அப்பாவுக்கு நடு வயசுல கை கால் ஆட்டம் ஆரம்பிச்சுது. தெருவுல குடிகாரர்னு பேரு வாங்கினார். ஒரு சொட்டு தொட்டதில்ல மனுஷன். அண்ணனுக்கும் அந்தப் பிழை இருக்கு, எனக்கும் இருக்கு. ரத்தம் சோதிச்சப்பவே அண்ணனுக்கு விரல் லேசா ஆட ஆரம்பிச்சாச்சு, எனக்கு ரத்தத்துல மட்டுந்தான். பிள்ளைங்களா? நான் கல்யாணமே பண்ணிக்கல, மறுபதிப்பு போட்டா பிழையும் சேந்துதானே வரும். அண்ணன் அண்ணிக்கும் இல்ல. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

அப்பத்தான் மருந்துன்னாங்க. அதே குட்டி ஆர்என்ஏ மாதிரி ஒண்ணை ஆய்வுக்கூடத்துல செஞ்சு, முதுகுத்தண்டுல ஊசியா ஏத்தறது. மூலத்தைத் தொட முடியல, நகலையாவது கிழிச்சுப் போடுவோம்னு. எவ்வளவு அழகான யோசனை பாருங்க! இன்னமும் எனக்கு அதுமேல கோவம் வரல. சோதனைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் அண்ணன் என்னையும் இழுத்துட்டுப் போனார். நான் வரலேன்னுதான் சொன்னேன். தையல்காரராச்சே, அளவெடுத்துட்டார்னா நாம சட்டையப் போட்டே ஆகணும்.

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு குத்தறவங்களுக்கே தெரியாது. ஆனா எங்க வார்டுக்குன்னு ஒரு சாஸ்திரம் இருந்துச்சு. ஊசிக்கப்புறம் தலைவலிச்சா மருந்து, வலிக்கலேன்னா தண்ணி. யார் கண்டுபிடிச்சதுன்னு கேக்காதீங்க. எல்லாரும் மல்லாந்து படுத்துகிட்டே பக்கத்துக் கட்டிலை விசாரிப்போம், என்ன, மண்டை இடிக்குதா? இடிக்குதுன்னா வார்டே கை தட்டும். அண்ணனுக்கு மண்டை பொளக்கும். வாந்தி வேற. வாயத் துடைச்சுகிட்டே சிரிப்பார், டேய், கிடைச்சிடுச்சுடாம்பார். நான் ஜம்முனு எழுந்து உக்காந்து சாப்பிடுவேன். அண்ணி என்னைப் பாத்து அழுவாங்க. எனக்கு வந்த பொறாமைல கொஞ்ச நாள் அண்ணன் முகத்தையே பாக்கல.

திடீர்னு ஒரு நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. மருந்து ஏறினவங்க, தண்ணி ஏறினவங்களைவிட வேகமா மோசமாயிட்டாங்களாம். செய்தியிலயே வந்துடுச்சு, அண்ணனும் கேட்டார். ஏன்னா, அப்பா கொடுத்த பிழைப் பிரதியோட அம்மா கொடுத்த நல்ல பிரதி ஒண்ணும் உள்ள இருக்கில்ல. மருந்துக்கு நல்லது கெட்டது வித்தியாசம் தெரியாம ரெண்டு நகலையும் கிழிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்தச் சொல்லை வெச்சுகிட்டு நான் எதைத் திருத்தறது?

ஆமா சிஸ்டர். அண்ணனுக்கு ஏறினதுதான் மருந்து. டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார், அவர்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்கன்னு. கிடைச்சிடுச்சுடான்னு சிரிச்ச மனுஷன்கிட்ட எந்தப் பக்குவத்துல சொல்றது? மாத்திச் சொல்லிட்டேன். உனக்கு உப்புத்தண்ணிண்ணே, எனக்குத்தான் மருந்துன்னு. எனக்குத்தானே மண்டை இடிச்சுதுன்னார், அது முதுகுல குத்தினாலே சிலருக்கு வர்றதாம்னேன்.

சரியாச் செஞ்சேன்னுதான் நினைச்சேன். ஒரு வரியில பிழையத் திருத்தினா அடுத்த வரியில புதுசா ஒண்ணு முளைக்கும், தொழில்ல பாக்காததா? அண்ணன் என்னைப் புடிச்சுகிட்டு அழறார். நாக்கு புரளாது, ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள வேர்த்துடும். உன்னை நான்தானேடா இழுத்துட்டுப் போனேன். இதையே சொல்றார். தினம் காலையில கையை நீட்டுடாம்பார். நீட்டுவேன். கல்லு மாதிரி நிக்கும். ஒரு நாள் உத்துப் பாத்துட்டு, பொய் சொல்றியாடான்னு கேட்டார். ஆள் குரலே எழும்பல, ஆனா கேட்டார்.

வேற வழி? ஆட்டிக் காமிச்சேன். லேசா, விரல் நுனியில மட்டும். அப்பா கையைப் பாத்து வளந்தவன், நடிக்கக் கத்துக்கவா வேணும்? முதல்ல அழுதார். அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? கரண்டிக் காம்புல துணியச் சுத்திக்கோ, தடிமனாயிருந்தா வழுக்காதுன்னு எனக்குப் பாடம் எடுத்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் நோயாளி இல்ல சிஸ்டர், என் அண்ணன். அதுக்காகவே தினம் ஆட்டறேன். அந்த நர்சம்மா உள்ள நின்னுகிட்டு, உங்க தம்பிக்கென்ன, நல்லாத்தானே இருக்கார்னுட்டாங்க. அதைச் சமாளிக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி வந்துச்சு.

அதனால, தம்பிக்கு எப்படியிருக்குன்னு கேட்டார்னா, லேசாக் கை ஆடுதுன்னு சொல்லுங்க. ரொம்ப வேணாம். லேசா.

நோயாளிகிட்ட பொய் சொல்ல மாட்டீங்களா? நல்லது, அப்படித்தான் இருக்கணும். நீங்க பொய்யே சொல்ல வேணாம். போன வாரத்துலேர்ந்து, அவர் பாக்காதப்பவும் ஆடுது.

அண்ணி கூப்பிடறாங்க, வாங்க.