எதிர்க்கடைக் கோழி

— எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா தங்கச்சி? ஒரு மாசமா எதிர்க்கடையில கோழி வாங்குறே.

— கோழி சாப்பிடணும்னு தோணுச்சுண்ணே.

— உம் புருஷன் மாட்டாஸ்பத்திரியில எழுத்து வேலை பாக்குறாரு. பைத்திய மாட்டு நோய்னு ஊரெல்லாம் பேச்சு. இந்த நேரம் பாத்து அவர் வீட்டம்மாவே மாட்டுக்கறியை விட்டா, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? உன்னைப் பாத்து நாலு வீடு அந்தப் பக்கம் போயாச்சு. நெருப்பில்லாம புகையாது. என் மாட்டுல எதையாவது கண்டுபிடிச்சிட்டாங்களா?

— அவர் ஒண்ணும் சொல்லலண்ணே.

— ஆளையே காணோமே. கடைப்பக்கம் தலை வெச்சுப் படுக்கல. மாப்பிள்ளை எதுக்கு ஒளியுறாரு? நீயே உள்ள வந்து, கறியில மாட்டு டாக்டர் குத்துன முத்திரையைப் பாரு. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்.

— முத்திரை இருக்கு. கொத்துக்கறி எதுல போடுறீங்க?

— தொடை, தோள்பட்டை. வேற எதுல?

— முதுகெலும்பு?

— பாத்தியா, அவர் சொல்லிக்கொடுத்த கேள்விதானே இது.

— நானாத்தான் கேக்குறேன். எலும்பை மெஷின்ல விட்டு, ஒட்டியிருக்குற சதையை வழிச்சு எடுப்பாங்களாமே. நோய் இருக்குற தண்டுவடமும் அதோட சேந்து வந்துடுமாம்.

— அது எப்பவோ நடந்தது. கம்பெனிக்காரன் பொட்டலமா அனுப்புவான், விலை கம்மி, கொத்துக்கறியில கலந்து விடுவோம். எல்லாக் கடையிலயும் உள்ளதுதான். கூடாதுன்னு சட்டம் வந்த அன்னைக்கே நிறுத்திட்டேன்.

— அன்னைக்கேவா?

— வாங்கி அடுக்குனதைக் குப்பையிலயா கொட்ட முடியும்? இருந்தது தீர்ற வரைக்கும்தான். ஏம்மா, போலீஸ்காரி மாதிரி குடையுறே? எம் புள்ளைங்களும் அதத்தான் தின்னுச்சு. கல்லு மாதிரி இருக்குதுங்க.

— எங்க வீட்டுல அவர் மட்டும்தான் கொத்துக்கறி சாப்பிடுவாரு. எனக்குப் பிடிக்காது.

— எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்குன்னு கொழுப்போட அரைச்சுத் தனியா எடுத்து வெப்பேனே. அந்த நன்றிக்காவது உண்மையைச் சொல்லலாம்ல? கடையை மூடப் போறாங்கன்னா மூடட்டும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னா நான் வேற வழி பாத்துக்குவேன். அவரை நேர்ல வரச் சொல்லு. என்ன சங்கதின்னு நானே கேட்டுக்குறேன்.

— அவரால வர முடியாதுண்ணே. எந்திரிச்சு நின்னா கால் தள்ளாடுது. என்னையே நீ யாருன்னு கேக்குறாரு. இத்தனை வருஷமா எந்தக் கடையில கறி வாங்குனீங்கன்னு பெரியாஸ்பத்திரியில இன்னைக்குக் கேட்டாங்க. தெரியாம ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போடக் கூடாதேன்னு, பதில் சொல்லாம நேரா இங்க வந்தேன்.