சாம்பிராணி போட்ட அறை

இந்தக் காலத்து ஆக்களுக்குக் கையில் போன் இருந்தால் போதும், ஊரெல்லாம் தங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்ற நினைப்பு. போகிற இடத்தில் படுக்க ஒரு மூலை இருக்கிறதா என்று முன்னுக்கே கேட்க மாட்டார்கள். போய்ப் பார்ப்போம் என்பார்கள். அப்படிப் போய்ப் பார்த்தவர்களின் கதை இது. கரண்ட் வருகிறபோது வரட்டும்... கிட்ட வந்து இருங்கள். அந்தக் கதவை மட்டும் சாத்த வேண்டாம்.

கல்குடா அன்ரோவைத் தெரியும்தானே. அவனுடைய மாமனார் ஜெயராஜாவுக்கு நடந்தது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்து கிழடு தட்டின மனிதர். ஒருவன் சும்மா சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிக்கிற ஆள்.

போன சித்திரை. மலைநாட்டு நுவரெலியாவில் சீசன். அன்ரோ வானை எடுத்தான். மனைவி ஷெரோன், ஆறு மாதக் குழந்தை, பின் சீட்டில் ஜெயராஜா. றூம் சொல்லி வைத்தாயா என்று அவர் கேட்டதற்கு மருமகன் சிரித்தான்.

"போனா கிடைக்கும் மாமா. நாம என்ன, படை திரட்டிக்கொண்டா போறம்?"

போனார்கள். கிடைக்கவில்லை. ஏறின படியெல்லாம் கையை விரித்தார்கள். டவுனில் வாகனம் நிறுத்தவே இடமில்லை. இருட்டியதும் பனி இறங்கியது. கடலோரக் களப்புக் காற்றில் பிறந்த பிள்ளை, குளிர் என்றால் என்னவென்று அறியாதது. முதலில் அழுதது. பிறகு அழுகையும் நின்றது... உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. ஷெரோன் தன் சேலை, துவாய், அன்ரோவின் சறம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். பிள்ளையின் கால் சூடேறவில்லை.

நடுச்சாமம். டவுனைத் தாண்டி, இரண்டு பக்கமும் தேயிலை. ஒரு வெளிச்சம் கிடையாது. வளைவில் ஒருவன் நின்றான். கம்பளி போர்த்திருந்தான். கை காட்டவில்லை. வான் தானாக நின்றதா அன்ரோ நிறுத்தினானா என்று அவனுக்கே தெரியாது.

"ஊராக்கள் மாதிரி இரிக்கு. புள்ளைக்குக் குளிருது போல. வாங்க, அறை இரிக்கு."

நம்முடைய பேச்சு. அச்சு அசலாக நம்முடைய பேச்சு. ஷெரோனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயராஜாவுக்கு அப்போதே பிடிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். கரடியனாறு என்றான். எந்த வட்டையில் வயல் என்று விடாமல் கேட்டார்.

"அதெல்லாம் விட்டாச்சு," என்றான் அந்த ஆள்.

மேட்டில் ஒற்றை அறை. சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல். யன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்திருந்தது. ஒரு சுவரோரம் பாய்கள் சுருட்டிக் கிடந்தன. ஈர மண்ணின் மணம். அந்த ஆள் வாடகை பற்றிப் பேசவில்லை. சீசன் நேரத்தில் வாடகை பேசாத மனிதனை ஜெயராஜா எப்படி நம்புவார்? பிள்ளையைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு சட்டி நிறையத் தணல் கொண்டுவந்து நடுவில் வைத்தான். சாம்பிராணி தூவினான். பிள்ளையைக் குளிப்பாட்டினால் நம் வீடுகளில் புகை காட்டுவோமே, அதே மணம். ஷெரோன் பிள்ளையைப் புகையில் காட்டினாள். பிள்ளை அசைந்தது. சிணுங்கியது. பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

"கதவத் தெறக்காதீங்க. சூடு போயிரும்," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

நம்முடைய வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். எவ்வளவு புகை போட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த அறையில் ஊசி நுழைய இடமில்லை. அடைத்த அறையில் தணல் மூச்சைக் குடித்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஜெயராஜாவுக்கும் தெரியாது. அடுத்தவன் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். தன் செருப்பில் ஒன்றைக் கதவிடுக்கில் செருகி வைத்துவிட்டு, கதவருகிலேயே சரிந்தார்.

தூக்கம் கல் மாதிரி விழுந்தது. இடையில் யாரோ நெற்றியைத் தடவினார்கள். சூடான பெருவிரல். மகள் என்று நினைத்தார். பிறகு... மூச்சுச் சத்தம். சின்னப் பிள்ளைகள் அடுக்கிப் படுத்து மூச்சு விடுகிற சத்தம். அறையில் இருந்தது ஒரு பிள்ளை. கேட்டது ஒன்றல்ல. சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று நின்றது. கொஞ்சம் பொறுத்து அடுத்ததும் நின்றது.

கண்ணைத் திறந்தார். தலை பிளந்தது. கால் இரண்டும் அவருடைய கால்களாக இல்லை. சுருட்டிக் கிடந்த பாய்கள் விரித்துக் கிடந்தன. கதவு சாத்தியிருந்தது. கொண்டி உள்ளுக்குப் போட்டிருந்தது. செருப்பு இரண்டும் தலைமாட்டில் சோடியாக...

எப்படித் தவழ்ந்தார், எப்படிக் கொண்டியை நீக்கினார் என்று கேட்காதீர்கள். பனிக்காற்று உள்ளே வந்தது. முதலில் பிள்ளையை இழுத்தார். அது துணி மாதிரித் துவண்டு கிடந்தது. வெளியே புல்லில் கிடத்தி முதுகைத் தட்டினார். தட்டினார்... தட்டினார். பிள்ளை வீரிட்டது. அதற்குப் பிறகுதான் மற்ற இருவரையும் இழுக்க அவருக்குத் தெம்பு வந்தது. அன்ரோ விடியும்வரை குடலைப் புரட்டிச் சத்தி எடுத்தான். அந்த ஆள் வரவேயில்லை.

விடிய, கீழே ஒரு தேத்தண்ணிக் கடை. வெளிச்சத்தில்தான் பார்த்தார். பிள்ளையின் நெற்றியில் கரிப்பொட்டு. மகளிடம் நீ வைத்தாயா என்று கேட்டார்.

"நாம எப்ப அப்பா பொட்டு வச்சம்? சேர்ச்சுக்குப் போற வேதக்காரர்தானே."

சொன்னவளின் நெற்றியிலும் இருந்தது. அன்ரோவின் நெற்றியிலும். வானின் புகைக்கரி பட்டிருக்கும் என்றார் ஜெயராஜா.

கடைக்காரர் அந்தத் தோட்டத்து மனிதர். தேத்தண்ணியை நீட்டின கை அப்படியே நின்றது. ஜெயராஜாவின் நெற்றியைப் பார்த்தார்.

"மேல அந்த றூம்லயா படுத்தீங்க? ஒரு சீசன்ல ஒங்க மாதிரியே பேசுற குடும்பம் ஒண்ணு எடமில்லாம வந்து அங்கதான் படுத்துச்சு. கம்பளி போர்த்துன அப்பா, அம்மா, மூணு புள்ளைங்க. நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். புள்ளைங்க நெத்தியில எல்லாம் இந்தப் பொட்டு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவ தூக்கியிருக்கோம். பொட்டோட நடந்து வந்தவங்கள இன்னிக்கிதான் பாக்குறேன்."

ஷெரோன் பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஜெயராஜா தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தார்.

"விடிய வெள்ளனவே கதை விடுறான். வாங்க போவம்."

நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். கரி கையில் ஒட்டியது. சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வானை நோக்கி நடந்தார்.

அன்றைக்கு நுவரெலியாவில் வெயிலே வரவில்லை.