வெளுத்துப் போன கடல்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"புள்ள, நீ தந்த கடல் வெளுத்துப் போயிட்டு."

இளையவள் திரும்பினாள். "நான் வரஞ்சி தந்த படமா, ராத்தா?"

"ஓம். ஜன்னலுக்கு நேரே மாட்டியிருந்த. தோணி அப்படியே இரிக்கி. நீலம்தான் இல்ல."

"அது பள்ளிக்கூடப் புள்ளைகள்ர கலர் பென்சில், வெயிலுக்குத் தாங்காது. இப்ப ஓவியர்மார் பாவிக்கிற பென்சில் எடுத்திருக்கன். முனை மெதுவா இரிக்கி, ஒரு நிறத்துக்கு மேல மத்த நிறமும் பிடிக்கிது, வெயிலுக்கும் லேசில மங்காதாம். புதுசா வரஞ்சி தாறன்."

"அவசரமில்ல."

பஸ் ஒலுவில் சந்தியைத் தாண்டியதும் இளையவள் மறுபடி திரும்பினாள்.

"அந்தப் பழைய பென்சிலால வரஞ்சத இன்னும் கொஞ்சப் பேருக்கு வித்திருக்கன், ராத்தா. அவங்கட வீட்டுக்கும் போகணும்."

"அவங்க ஒண்டும் சொல்லல்லியே. கவனிச்சிருக்கவும் மாட்டாங்க."

"எனக்கு இப்ப தெரியுமே."

"அப்ப வெள்ளிக்கிழம முதல்ல எங்கட வீட்டுக்கு வா," என்றார் மூத்தவர். "பகல் சோறும் அங்கதான்."